இடுப்பில் கட்டிய கிணற்றுக் கயிறு

கடற்கரை மணலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் புதைந்தது. கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. வலை உதறிக்கொண்டிருந்த சிலர் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? தலையில் நாடா வைத்த தொப்பி. கழுத்தில் விசில். ஒரு தோளில் மழைக்கோட்டு, மறு தோளில் பை. பைக்குள் டார்ச், மருந்துப் பெட்டி, தைலம், வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம், இட்லிப் பொட்டலம், பிளாஸ்க். உடம்பில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். கையில் இன்னொரு லைஃப் ஜாக்கெட்.

என் மகளின் மாமனார் லூர்து, படகுக்குப் பக்கத்தில் கைலியும் பனியனுமாக நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"சம்மந்தி, நாம மீன் பிடிக்கப் போறோமா, சண்டைக்குப் போறோமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சட்டைக்கு உள்ளே என் இடுப்பைச் சுற்றி இன்னொரு சாமானும் இருந்தது. அது தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார்கள்.

தண்ணீர் கீழே இருக்கிற ஊர்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கடையைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சங்கரன்கோவிலில் பம்புசெட் உதிரிபாகம், கயிறு, தார்ப்பாய், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் எல்லாம் விற்கிற கடை. வாசலில் வாளிகள் தொங்கும். உள்ளே கிரீஸ் வாசனை அடிக்கும். அந்த வாசனை வராத சட்டை என்னிடம் ஒன்றுகூட இல்லை என்பாள் என் மனைவி ஜெயராணி.

குருவிகுளம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பழைய ஆயில் என்ஜினின் பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, ரெண்டு நாளா ஒரே இருமலு" என்பார்கள். இருமுவது என்ஜின். கரண்டு மோட்டார் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கரண்டு வராத நேரத்துக்கென்று ஒரு கிழட்டு என்ஜினை மூடி வைத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதன் சத்தத்தைப் போனில் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிழைப்பு அதுதானே.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் கீழே இருப்பது. குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். அதில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவான், மேலே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் நீச்சல் படித்ததும் அப்படித்தான். கிணற்றுப் படியில் நின்று அப்பா கயிற்றைப் பிடித்திருப்பார், நான் தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டு கிடப்பேன். அந்தக் கயிறு கையில் பட்டால் வருகிற தைரியம் எனக்கு இந்த வயதிலும் வேறு எதிலும் வருவதில்லை.

கோழி அடைகாத்த ஜாக்கெட்

மகள் பெனிட்டாவைத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டிக் கொடுத்தேன் என்று சொல்வது பெருமைக்குத்தான். இரண்டு பேரும் கல்லூரியிலேயே முடிவு செய்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். நல்ல முடிவாகத்தான் செய்தார்கள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை. மகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சம்மந்தியம்மா காலமாகிவிட்டதால் வீட்டில் பெரியவர் என்று லூர்து ஒருவர்தான்.

அவரோடு கடலுக்கு வந்துகொண்டிருந்த கூட்டாளி, தன் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதிலிருந்து லூர்து தனியாகவே படகை எடுக்கிறார். பக்கத்துக் கடல்தான், சின்ன வலைதான் என்று சமாதானம் சொல்வார். லைஃப் ஜாக்கெட் போடுங்கள் மாமா என்று மகள் சொன்னால், பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவனுக்கு எதற்கு இது என்பார். வீட்டில் ஒரு ஜாக்கெட் இருக்கத்தான் இருந்தது. அதன்மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

சித்திரை முடியப் போகிற சமயம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. படகு கரையேறுத சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது. நீங்க சொன்னா மாமா கேப்பாவ."

அவள் சின்ன விஷயத்துக்குப் பயப்படுகிற பிள்ளை இல்லை. பாம்பை விளக்குமாற்றால் தள்ளிவிட்டவள். அவள் குரல் அப்படிக் கம்மியதும் எனக்கும் சோறு இறங்கவில்லை.

சம்மந்தியைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஜாக்கெட் போடாமல் கடலுக்குப் போகக்கூடாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க ஒரு நாள் என்கூட வாங்க. நீங்க வந்தா நானும் போடுதேன்."

நான் வரமாட்டேன் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜெயராணியின் கட்டளை

வீட்டில் சொன்னதும் ஜெயராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்தது மேலநீலிதநல்லூர் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தோட்டத்தில். அவள் அண்ணன் செல்வம், பம்புசெட் குழாயின் அடியில் அடைத்துக்கொண்டதை எடுக்க ஒரு நாள் கிணற்றுக்குள் இறங்கினார். ஒரு நிமிஷ வேலைக்குக் கயிறு எதற்கு என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு போன ஜெயராணி, தூக்குவாளியோடு கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பதில் வரவில்லை.

அவள் இதை எப்போதாவதுதான் பேசுவாள். ஆனால் குற்றாலத்தில் நான் அருவிக்குள் போனால் என் துண்டின் ஒரு முனை அவள் கையில் இருக்கும். ஊரே பார்த்துச் சிரிக்கும். அவள் விடமாட்டாள்.

கடையிலிருந்து நல்ல கிணற்றுக் கயிறாக ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தாள். இழுத்துப் பார்த்தாள், முறுக்கிப் பார்த்தாள்.

"கடல்ல போயி யாராவது கயிறு கட்டுவாங்களாட்டி?" என்றேன்.

"கடலும் தண்ணிதான? ஒரு நுனிய இடுப்புல கட்டுங்க, ஒரு நுனியப் படகுல கட்டுங்க. கட்டுதேன்னு சொன்னா விடுதேன்."

சொன்னேன். சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது என்று தெரியும். அவளும் என்கூடவே மகள் வீட்டுக்குக் கிளம்பி வந்தாள்.

கச்சானுக்கு முன்னால்

அங்கே போனதும் சம்மந்தி, நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் கொஞ்ச நாளில் படகைத் தூக்கி மேட்டில் போட்டுவிடுவோம் என்றார். மேற்கேயிருந்து வருகிற காற்றுக்கு அங்கே கச்சான் என்று பேர். அது எழும்பிவிட்டால் சின்னப் படகுக்குக் கடலில் வேலை இல்லை. அது வருவதற்கு முந்தி மிச்சம் இருக்கிற அமைதியான நாட்களைத்தான் அவர் தனியாகப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் காற்றாலைகளைச் சுற்ற வைத்து, குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வருகிற அதே காற்றுதான். அது வந்தால் நாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கார் ஓட்டுவோம். இவர்கள் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் காலையில், முதலில் சொன்ன அந்தக் கோலத்தில், படகில் ஏறினேன். பூட்ஸைக் கழற்றிக் கரையிலேயே போடச் சொன்னார் சம்மந்தி. அதில் தண்ணீர் ஏறினால் காலைத் தூக்க முடியாதாம். மழைக்கோட்டும் தொப்பியும் கரையில் நின்றுவிட்டன. அவருக்கென்று நான் கொண்டுவந்த ஜாக்கெட்டை மட்டும் வாங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புதுச் சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு மாட்டிக்கொண்டார். கரையில் மகளும் ஜெயராணியும் நின்றார்கள். ஜெயராணி என் இடுப்பையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

படகு அலையைத் தாண்டியதும் சம்மந்தி பின்னால் என்ஜினைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கயிற்றின் மறு நுனியைக் குறுக்குப் பலகையில் கட்டினேன். மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் காலடியில் போட்டுப் பையால் மறைத்தேன். அவர் பார்த்தால் கேலி செய்வார் என்றுதான்.

என்ஜின் சத்தம் பழகிய சத்தமாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆயில் என்ஜினின் தம்பிதான். அங்கே தண்ணீரை இறைக்கிறது, இங்கே தண்ணீரைத் தள்ளுகிறது. அதைச் சொன்னதும் சம்மந்திக்கு ஒரே சந்தோஷம். சூடானால் கொஞ்சம் திணறுகிறது என்றார். டீசல் வருகிற குழாயைப் பார்க்க வேண்டும் என்றேன். கடல் நடுவில் இரண்டு கிழவர்கள் என்ஜின் பேசிக்கொண்டு போனோம். இடையில் எனக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழம் ஒன்றும் செய்யவில்லை.

வலை ஓடிய நேரம்

வெயில் லேசாக ஏறிய பிறகு சம்மந்தி வலையை இறக்கத் தொடங்கினார். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, அதன் நீண்ட கைப்பிடியைத் தொடையால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வலையை விட்டுக்கொண்டே வந்தார். நுனியில் கட்டியிருந்த கல் கீழே போனதும் வலை தானாகவே ஓட ஆரம்பித்தது. பார்க்க அழகாக இருந்தது. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

பைக்குப் பின்னால் கிடந்த கயிற்றை நான் மறந்தேபோனேன். ஓடுகிற வலையின் ஈயக் குண்டுகள் அதில் மாட்டின. சுருள் அப்படியே பிரிந்து வெளியே போனது.

இடுப்பில் சுருக்கென்று ஒரு இழுப்பு. என்ன என்று யோசிப்பதற்குள் படகின் விளிம்பில் முழங்கால் இடித்து மடங்கிக் கிடந்தேன். வலையின் பாரம் முழுவதும் என் இடுப்பில். மூச்சு விட முடியவில்லை. ஜாக்கெட் மிதக்க வைக்கும் சரி, கல்லும் வலையும் சேர்ந்து கீழே இழுத்தால் ஜாக்கெட் என்ன செய்யும்? ஜெயராணி கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி எனக்குக் கேட்டது.

சம்மந்தி என்ஜின் பக்கத்துக் கட்டையில் எப்போதும் ஒரு கத்தியை நீளமான நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்ததையும் நான் பார்க்கவில்லை, வந்ததையும் பார்க்கவில்லை. என் வயிற்றுக்குப் பக்கத்தில் கயிறு அறுந்தது. நான் படகுக்குள் மல்லாந்து விழுந்தேன்.

சாய்ந்திருந்த படகு சட்டென்று மறு பக்கம் உருண்டது. என்மேல் குனிந்திருந்த சம்மந்தி நிலை தடுமாறித் தண்ணீரில் விழுந்தார்.

என் பங்கு

எழுந்து பார்த்தால் படகில் நான் மட்டும் இருக்கிறேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பிடிக்க ஆளில்லாத கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, படகு வட்டம் அடிக்கிறது. வட்டம் அடித்தால் எங்கே வந்து சேரும்? அவர் கிடக்கிற இடத்துக்குத்தான். பின்னால் நீளக் கம்பியின் நுனியில் படகைத் தள்ளுகிற காற்றாடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுற்றுகிறது.

அவர் மீன் மாதிரி நீந்துகிறவர். ஆனால் அன்றைக்கு நீந்த முடியவில்லை. காலில் வலை சுற்றியிருந்தது. ஆரஞ்சு நிற ஜாக்கெட் மட்டும் அவரை மேலே பிடித்து வைத்திருந்தது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அவர் இருக்கிற இடமே எனக்குத் தெரிந்தது.

படகு ஓட்டுவது எனக்குத் தெரியாது. என்ஜினை நிறுத்தத் தெரியும். அதை வாழ்நாள் முழுவதும் செய்திருக்கிறேன். தவழ்ந்துபோய் டீசலை அடைத்தேன். இரண்டு இருமல் இருமிவிட்டு அது அடங்கியது. அந்த அமைதியைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. படகு அவருக்குச் சற்றுத் தள்ளி நின்று ஆடியது.

அறுந்த கயிற்றின் பெரிய துண்டு இன்னும் பலகையில்தான் கட்டியிருந்தது. வலையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதை இழுத்துச் சுருட்டி அவர் பக்கம் எறிந்தேன். கிணற்றுக்குள் ஆளுக்குக் கயிறு எறிகிற கை. சரியாக அவர் கைக்குப் போனது.

பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஏறவில்லை.

"கத்தியக் கொடுங்க சம்மந்தி."

அவர் கையைவிட்டு நழுவி, அது கட்டையில் நூலோடு ஆடிக்கொண்டிருந்தது. கொடுத்தேன். தன் வலையைத் தானே அறுத்துக் காலை விடுவித்துக்கொண்டு மேலே வந்தார். இரண்டு பேரும் படகின் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினோம்.

பிளாஸ்க்கில் டீ சூடாகவே இருந்தது. பையில் கொண்டு போன சாமான்களில் அது ஒன்றாவது உருப்படியாகப் பயன்பட்டது.

"இந்தக் கயிறு யாரு வேல?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. நான் ஜெயராணியின் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"கெணத்துல மேல புடிக்க ஆளு இருக்கு. இங்கன யாரு இருக்கா? கடல்ல ஆளுக்குக் கயிறு கட்டக்கூடாது சம்மந்தி. கத்திதான் கைக்கு எட்டணும்."

ஜாக்கெட் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அவர் தன் ஜாக்கெட்டில் தளர்ந்திருந்த ஒரு வாரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

அறுந்தது போக மிச்ச வலையை இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றினோம். என் கை எல்லாம் எரிந்தது. சாளையும் சில பாறை மீனும் இருந்தன. வீட்டுக் குழம்புக்கு ஏகப்பட்டது. பெண்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கரை தெரிகிறபோது பேசி வைத்துக்கொண்டோம்.

கரையில்

மகள் ஓடி வந்து முதலில் பார்த்தது மாமனாரின் உடம்பில் ஜாக்கெட் இருக்கிறதா என்றுதான். இருந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு தடவை கடலில் விழலாம். நான் எங்கே விழுந்தேன், விழுந்தது அவர்தான்.

ஜெயராணி நேரே என்னிடம் வந்து சட்டையைத் தூக்கினாள். இடுப்பில் முடிச்சும், அதிலிருந்து ஒரு சாண் துண்டும் மட்டும் இருந்தன. அவள் அதன் நுனியைத் தடவிப் பார்த்தாள். கயிற்றுக் கடைக்காரன் பெண்டாட்டி. தேய்ந்து அறுந்த நுனி எது, கத்தியால் அறுத்த நுனி எது என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். நனைந்து நின்ற சம்மந்தியைப் பார்த்தாள். அவர் மீன் கூடையை எடுப்பது மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் முடிச்சை அவிழ்த்துத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டில் பெரிய பாறை மீன் துண்டை எடுத்து முதலில் அவருக்கு வைத்தாள். இத்தனை நாளும் அவரிடம் நேராகப் பேசமாட்டாள். எதையும் என்னிடம்தான் சொல்லிக் கேட்கச் சொல்வாள்.

"நல்லாச் சாப்பிடுங்க, அண்ணே."

சம்மந்தி தலை நிமிரவில்லை. சரி என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மிளகாய் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

இப்போது கச்சான் அடிக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன, குற்றாலத்தில் சாரல். சம்மந்தியின் படகு மேட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. காற்று அடங்கியதும் அவர் தனியாகப் போகக்கூடாது, நான் ஒரு தடவையாவது போய்வர வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜெயராணியிடம் எப்படிக் கேட்பது என்று நான் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன்.

நேற்றுக் கடையில், புதிதாக வந்திருந்த கத்திகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலில் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கைப்பிடி ஓட்டையில் ஒரு சாண் கயிறு கோத்தாள். நுனி கத்தியால் அறுத்த நுனி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

சம்மந்திக்கா என்று கேட்டேன்.

"அண்ணனுக்குத்தான் ஒண்ணு இருக்குல்லா. இது ஒங்களுக்கு. போகும்போது கைக்கு எட்டுத எடத்துல தொங்கவிட்டுக்கிடுங்க."

மிச்சக் கயிறு என்று இழுத்தேன். படகில் கட்டியிருந்த அந்தப் பெரிய துண்டை ஊருக்குக் கிளம்பும்போதே அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"அது கரையில இருக்கட்டும். நான் புடிச்சுக்கிட்டு நிக்கேன்."